மூன்று பேர் பாட்டு

1

ஊரில் இருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இங்கே உள்ளவர்களுக்கு இதில் பாதி விளங்காது.

நான் நோர்வூட்டை விட்டு வந்தது 1954 ஆனி. இந்த ஆனியோடு பதினோரு வருடம். திருச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருக்கிறேன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று குறிப்பது வேலை. தோட்டத்தில் இருந்தபோதும் எனக்குத் தேதி குறிக்கும் பழக்கம் உண்டு. மழை தொடங்கிய நாள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து ஆரம்பித்த நாள், பேப்பரில் வந்த சட்டம் எல்லாம் குறித்து வைப்பேன். அதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது.

வந்த புதிதில் கடையில் போய் "அரை றாத்தல் பாண் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க மலையாளத்துப் பக்கமா?" என்றார். பாணை ரொட்டி என்றும் சவர்க்காரத்தைச் சோப்பு என்றும் சொல்ல ஒரு வருடம் பழகினேன். இப்போதும் அவசரத்தில் பழையது வந்துவிடும். என் மகள் மல்லிகா உடனே திருத்துவாள். எட்டு வயது. இங்கேயே பிறந்தவள். தோட்டம் என்றால் அவளுக்குக் கத்தரிக்காய்த் தோட்டம்.

போன வருடம் அரிசிக் கார்டு வாங்கப் போனபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

"சொந்த ஊர்?" என்றார் குமாஸ்தா.

"நோர்வூட்."

"எந்தத் தாலுகா?"

"தாலுகா இல்லைங்க. நுவரெலியா மாவட்டம். இலங்கை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோவ், பொறந்த எடத்தக் கேக்கலய்யா. சொந்த ஊரக் கேக்கறேன். அப்பன் பாட்டன் ஊரு."

"பாட்டனுக்குத் துறையூர்ப் பக்கம்னு சொல்வாங்க. நான் பார்த்ததில்லைங்க."

"பாக்காட்டி என்ன? அதான் சொந்த ஊரு" என்று துறையூர் என்றே எழுதினார்.

1948-ம் வருடச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பாட்டன் இலங்கையில் பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இல்லாததால் நான் அந்நியன். இங்கே அத்தாட்சியே வேண்டாம், பாட்டன் பெயர் போதும் என்கிறார்கள். ஆனாலும் தெருவில் எனக்கு 'சிலோன்காரர்' என்றுதான் பெயர்.

2

போன ஐப்பசியில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே எங்களைப் பற்றிப் பேச்சு அதிகம். அந்த அலையில் மல்லிகாவின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஒரு தேயிலைத் தோட்டப் பாட்டு போட முடிவு செய்தார்கள். பாட்டு டீச்சருக்கு யாரோ அங்கிருந்து கொண்டுவந்த மே தினப் பாட்டுப் புத்தகம் கிடைத்திருக்கிறது. மாசி மாதம் ஒரு சாயங்காலம் மல்லிகா இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு வாசலில் பாடினாள்:

வேலை போன சின்னச்சாமி
மேட்டு மண்ணில் தூங்கயிலே
பலகை தந்து காத்து நின்ற
பாசச் சங்கம் மறப்பேனோ!

கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னொரு தடவை பாடும்மா" என்றேன்.

மெட்டு எனக்குத் தெரியும். சின்னச்சாமியையும் தெரியும். அவர் என் அக்கா பாக்கியத்தின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. பாட்டைக் கட்டியதே அக்காதான். ஆனால் இந்த வார்த்தைகள் அவள் பாடியவை அல்ல. 'பேரு வெட்டு' என்று இருந்தது 'வேலை போன' ஆகியிருந்தது. சரி, இங்கே ஆட்களின் பேர் பதியும் செக்ரோலும் தெரியாது, அதில் பெயர் வெட்டுவதும் தெரியாது, டீச்சர் மாற்றியிருப்பார். ஆனால் சங்கம் எங்கிருந்து வந்தது? எந்தப் பலகை? எங்களுக்குச் சங்கம் ஒரு குச்சியைக்கூடத் தந்ததில்லையே.

"சங்கத்துக்காரங்க செஞ்ச வேலை" என்று என் மனைவி தனத்திடம் சொன்னேன். "பாட்டையும் திருடிட்டாங்க."

"பாட்டுத்தானே" என்றாள். தனம் துறையூர்க்காரி. அவளுக்கு இது விளங்காது என்று அப்போது நினைத்தேன்.

3

அசல் பாட்டு பிறந்த விதத்தை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் இருப்பது என்றால் சம்பந்தப்பட்டவர்களுக்குப் போதும்.

1954 சித்திரையில் தொரை, ஒரு நாள் பேர் போடுவதற்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் வேலைநிறுத்தம். நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் மனுக்களை நான் எழுதினேன். மாமா கூட்டங்களில் பேசினார். கவ்வாத்து வெட்டும் வீரப்பன், வயதானவர், கங்காணியை வழிமறித்து வைதார். மற்றபடி நாங்கள் மூவரும் எல்லோரையும் போலத்தான்.

வைகாசியில் தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி வந்தார். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போனார். வெகு நேரம் கழித்து வந்து, "வெற்றி" என்றார். கொழுந்து அளவு பழையபடி. எல்லோரும் நாளைக்கு வேலைக்குப் போகலாம். மூன்று பேர் பெயரை மட்டும் தொரை வெட்டுகிறார். அந்த மூன்று பேரும் தோட்ட எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது, குடும்பங்கள் இருக்கலாம்.

"அந்த மூணு பேருக்கும் சங்கம் வழக்குப் பேசும்" என்றார் பிரதிநிதி.

மாமா எழுந்து கூட்டத்தைப் பார்த்தார். "என்னங்கடா, நாளைக்குப் போறீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நானும் மாமாவும் எல்லைக்கு வெளியே ரோட்டில் நின்றோம். முந்நூறு பேரும் கூடையோடு மலையேறினார்கள். அக்காவும் ஏறினாள். அவள் பெயர் செக்ரோலில் இருந்தது, மகன் முருகேசு சின்னப் பையன். கொழுந்து பறிக்கும் நிரையில் நின்று அவள் பாடத் தொடங்கினாள்.

உங்களுக்குத் தெரியும், நிரையில் ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் கடைசி அடியை வாங்கிப் பாட வேண்டும். அதுதான் வழக்கம். அக்கா குரலுக்கு மலை முழுவதும் வாங்கிப் பாடும். அன்று அவள் பாடியது இது:

சின்னச்சாமி பேரு வெட்டு
சிவராமன் பேரு வெட்டு
வீரப்பன் பேரு வெட்டு – அத
வேடிக்கதான் பாத்தீங்களே!

மூணு பேர வெளிய வெச்சு
முள்ளுக் கம்பி அடிச்சாங்க
முந்நூறு பேர் கூடையோட
மலையேறிப் போனீங்களே!

சிவராமன் நான்.

ஒருத்தியும் வாங்கிப் பாடவில்லை. கொழுந்து ஒடிக்கும் சத்தம்தான் கேட்டது. அக்கா திரும்பத் திரும்பப் பாடினாள். நான் பாட்டைக் கேட்டபடியே ரோட்டில் நின்று அழுதேன். முந்நூறு பேர் கைவிட்ட இடத்தில் ஒருத்தி என் பெயரைச் சொன்னாளே என்று.

வழக்குப் பேசப்படவில்லை. அடுத்த மாதம் இந்தியப் பாஸ்போர்ட்டில் தலைமன்னாரில் கப்பல் ஏறினேன். ஆடி மழையில் மாமா நெஞ்சுக் காய்ச்சலில் போய்விட்டார் என்று கடிதம் வந்தபோது அது பழைய செய்தியாகியிருந்தது. எனக்குத் திரும்ப அனுமதி கிடையாது. அந்தப் பாட்டு மட்டும் என்னோடு வந்தது. இங்கே யாராவது 'சிலோன்காரன்' என்று கூப்பிட்டால் உள்ளுக்குள் அதைப் பாடிக்கொள்வேன். எங்கோ ஒரு மலையில் என் பெயர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

4

இந்தச் சித்திரையில் அக்கா வந்தாள். கண்டிக்கும் கொழும்புக்கும் நடையாய் நடந்து வாங்கிய தற்காலிகப் பயண அனுமதியில். போன மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் கப்பல் இராமேஸ்வரத்துக்கே வந்தது. ரயிலடியில் அவளைக் கண்டதும் நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"என்னடா தம்பி இது, அடுப்புக்குள்ளயா குடியிருக்கீங்க?"

நான் அவளை அழைத்தது சும்மா பார்க்க அல்ல. ஒப்பந்தப்படி இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துவிட்டார்கள். குடியுரிமை மனு எப்போது கேட்பார்கள் என்று தெரியாது. கேட்கும்போது அக்கா இந்தியா என்று எழுத வேண்டும், முருகேசுவும் அவளும் இங்கே வந்துவிட வேண்டும் என்பது என் முடிவு. பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். எல்லையில் என்னை நிறுத்தியவர்கள் நடுவில் அவள் ஏன் கிடக்க வேண்டும்?

தனமும் அவளும் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டார்கள். "அண்ணி, நீங்க கொண்டாந்த தூள்ல இதென்ன தேத்தண்ணி, கழுவின தண்ணி மாதிரி?" என்று தனம் கேலி செய்தால், அக்கா, "நல்ல தூளெல்லாம் சீமைக்குப் போயிருதும்மா. எங்களுக்குக் கூட்டி அள்ளினதுதான்" என்பாள். மல்லிகாவை அவள் விடவே இல்லை. "ஏன்டி, நீ தோட்டத்து லயத்துப் புள்ளையா, ஐயர் வீட்டுப் புள்ளையா? இப்படிப் பேசுற?" என்று கன்னத்தைக் கிள்ளுவாள்.

ஊரைப் பற்றி நான் கேட்கும்போது மட்டும் சுருக்கமாகச் சொல்வாள்.

"அந்தக் கங்காணி இருக்கானா?"

"இருக்காரு."

"பிரதிநிதி?"

"அவரும் இருக்காரு. பெரிய ஆளாயிட்டாரு."

"இங்க வந்துரு அக்கா."

"பாப்போம்டா" என்பாள்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மல்லிகா தன் பாட்டை அத்தைக்குப் பாடிக் காட்டினாள். நான் வேண்டுமென்றே தடுக்கவில்லை. அக்கா கொதித்து எழுவாள், பொய்யைப் பொய் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அக்கா கை தட்டினாள். கடைசி அடி வந்ததும் வாங்கிப் பாடினாள். 'பாசச் சங்கம் மறப்பேனோ' என்று, தடுமாறாமல், பலமுறை பாடிப் பழகிய வாயால்.

"என்னக்கா இது?" என்றேன்.

"நல்லாத்தான்டா பாடுறா. பலகைன்னு சும்மா சொல்லக் கூடாது, அட்டல் பலகைன்னு சொல்லணும். மத்தபடி சரி."

"அட்டல்னா என்ன அத்தை?"

"லயத்துக் காம்பராவுல, அதான் எங்க வீட்டு அறையில, அடுப்புக்கு மேல வெறகு காயப் போடுற பரண் இருக்கும்டி, அதான்."

"எந்தப் பலகை, எந்தச் சங்கம்?" என்று கத்திவிட்டேன். தனம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

அக்கா மல்லிகாவை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். "ஒனக்குத் தெரியாதில்ல" என்றாள். "லெட்டர் எழுதிக் குடுக்கிறது கணக்கப்பிள்ளை மவன், தொரை பக்கத்து ஆளு. அவங்கிட்ட எப்படிச் சொல்றது?"

பிறகு சொன்னாள். தோட்டத்தில் பேர் பதிந்தவன் செத்தால் பெட்டிக்குப் பலகை ஸ்டோரிலிருந்து கொடுப்பார்கள், குழி வெட்ட இரண்டு ஆளுக்குப் பேர் போடுவார்கள். அது எனக்கும் தெரியும். மாமாவுக்குப் பேர் இல்லை. அதனால் பலகை இல்லை, குழி இல்லை. சவத்தை எல்லைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று தொரை சொல்லிவிட்டார்.

"அடிக்கிற மழையில ரோட்டோரக் கடைக்குப் பின்னால சாக்குல கெடந்தாரு. நான் தனியா ஒக்காந்திருந்தேன். வேலை விட்டு வந்தாங்க பாரு, அந்த முந்நூறு பேரு. ஒவ்வொரு வீட்டுலயும் அட்டல் பலகையக் கழட்டிட்டாங்க. அதுலதான் பெட்டி. தூக்கிக்கிட்டு பெரட்டுக் களத்து வழியாவே போனாங்கடா, தொரை பங்களாவுல நின்னு பாக்க. தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல மேட்டுல வெச்சாங்க. பதினஞ்சு நாளைக்கு எல்லாருக்கும் அரைப்பேரு போட்டான். ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

நான் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அதுக்கப்புறம் எப்படிடா அவங்களத் திட்டிப் பாடுறது? காரியம் முடிஞ்சு மலைக்குப் போனேன். நானா எடுத்தேன், இப்படி" என்று மெதுவாகப் பாடினாள்:

பேரு வெட்டின சின்னச்சாமி
பீலி மேட்டில் தூங்கயிலே
அட்டல் பலக கழட்டித் தந்த
அண்ணமார மறப்பேனோ!

"மல முழுக்க வாங்கிப் பாடிச்சு. மொதப் பாட்டுக்கு ஒருத்தி வாயத் தொறந்தாளா? ஒத்தையில பாடினா அது பாட்டா? பொலம்பல்."

அது வரைக்கும் எனக்கு விளங்கியது. ஏற்றுக்கொள்ளவும் முடிந்தது.

"அண்ணமார் எப்படிச் சங்கம் ஆனாங்க?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "முருகேசுக்குப் பேர் பதியணும்னு நடந்தேன். தொரை மாட்டேன்னான். பேரு வெட்டினவன் மவன்னு. பிரதிநிதிதான் பேசிப் பதிஞ்சு குடுத்தாரு. மே தினத்துக்கு ஹட்டன்ல மேடையில பாடச் சொன்னாங்க. ஒரு வார்த்தைய மாத்திப் பாடும்மான்னாரு. பாடினேன்."

"மாமாவ வித்தவன் அவன்தான்."

"தெரியும்டா. மேடையில பாடுறது மேடைக்கு. மலையில நாங்க அண்ணமாருன்னுதான் பாடுறோம்."

அப்போதுதான் நான் கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன். "என் பேரு எங்கக்கா?"

"என்ன?"

"மூணு பேரு இருந்துச்சு. மாமா மட்டும் இருக்காரு. சிவராமன் எங்க?"

அக்கா நேராக என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வீரப்ப அண்ணன் அடுத்த மாசமே உடப்புசல்லாவைக்கு மவ வீட்டுக்குப் போயிட்டாரு. நீ அக்கரைக்குப் போயிட்ட. போனவங்க பேர எப்படிடா பாடுறது? புதுசா வந்த பொம்பளைங்க கேப்பாளுக, சிவராமன்னா யாரு, எங்க இருக்காருன்னு. திருச்சியில இருக்காருன்னு சொல்லவா? சிரிப்பாளுக. அந்தப் பேரு வந்தா வாங்கிப் பாட மாட்டாளுக. விட்டுட்டேன்."

"எப்ப?"

"அதே ஆடியில."

நான் மண்டபம் முகாமில் அம்மை ஊசிக்காக வரிசையில் நின்று மாதம்கூட ஆகியிருக்காது. துறையூரில் யாரையும் தெரியாமல் சத்திரத்தில் படுத்திருந்த நாட்கள் அவை. அப்போதே என்னை எடுத்துவிட்டாள். செக்ரோலில் தொரை சிவப்பு மையால் வெட்டியபோது காரணம் சொன்னார். சட்டம் வெட்டியபோதும் ஒரு காரணம் அச்சடித்தார்கள். இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பதினோரு வருடம் இல்லாத இடத்தில் என் பெயரை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"நான் என்ன விரும்பியா போனேன்?" என்றேன்.

"யாருடா விரும்பிப் போறா?" என்றாள் அக்கா.

6

அவள் இந்தியா என்று எழுத மாட்டாள். அன்றைக்கே சொல்லிவிட்டாள். "அவரு குழி அங்க இருக்கு. முருகேசு பேரு அங்க இருக்கு. இங்க வந்து நான் யாரு? சிலோன்காரன் அக்கா." பின்கட்டு அறையில் ஊர்க் காற்று மாதிரி வருகிறதா என்று ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு தன் சாமான்களைக் கட்டினாள். அனுமதியில் இன்னும் நாட்கள் பாக்கி இருந்தன. நான் இருக்கச் சொல்லவில்லை.

மல்லிகாவுக்கு முதல் பாட்டைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை பாடிவிட்டு, "வேணாம்ப்பா, எல்லாரையும் திட்டுற மாதிரி இருக்கு. அத்தைக்கிட்ட கத்துக்கிட்டதையே பாடறேன்" என்றாள். அட்டல் பலகை என்றே பாடினாளாம், டீச்சரும் விட்டுவிட்டாராம். கைதட்டல் பலமாக இருந்ததென்று தனம் வந்து சொன்னாள். நான் டூட்டி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அன்று எனக்கு டூட்டி இல்லை.

ரயிலடியில் தனம் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகரும் முன் சொன்னாள்:

"தம்பி, நீ பேப்பருக்கெல்லாம் எழுதுவன்னு தனம் சொன்னா. மொதப் பாட்ட எழுதிராத. அதுல திட்டு வாங்குனவங்கதான் நிரையில எம்பக்கத்துல நிக்கிறாங்க. அவங்க புள்ளைங்க படிக்குதுங்க இப்ப. அதுங்க கண்ணுல பட வேணாம்."

"சரி" என்றேன். அவள் தலையசைத்தாள். நான் சொன்னதை நம்பினாள்.

மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு கண்ணிகளையும், ஒரு சொல் குறையாமல். அட்டல் பலகை தந்த அண்ணன்மார்களே, நீங்கள் செய்தது பெரிய காரியம். அதற்கு முன்னால் செய்ததும் நீங்கள்தான். என்னைப் பொறுத்தவரை ஒன்று மற்றொன்றை அழிக்காது. அழித்துவிட்டதாக என் அக்கா முடிவு செய்தாள். அதில் என்னைக் கேட்கவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் பிள்ளைகளில் ஒருவர் இதை அவளுக்குப் படித்துக் காட்டக்கூடும். காட்டட்டும். படிக்கும்போது மூன்று பெயரையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.